ஒரு நாள் முந்திய நோன்பு

இந்த ரமழானில் என் மகள் மாதத்தின் முதல் நோன்பான தலை நோன்பைப் பிடித்த அன்று எனக்கு நோன்பு இல்லை. அவள் கட்டாரில் இருக்கிறாள். வேலைக்குப் போய் ஐந்து மாதம்தான் ஆகிறது. அங்கே பிறை கண்டுவிட்டார்கள், இங்கே காணவில்லை. காலையில் தேத்தண்ணீர்க் கோப்பையைக் கையில் எடுத்தேன். குடிக்கவும் முடியவில்லை, கொட்டவும் மனம் வரவில்லை. என் வயதுக்காரர்களே, உங்களில் யாருடைய பிள்ளைகளெல்லாம் கடலுக்கு அப்பால் இருக்கிறார்களோ, அவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பதினோராம் நோன்பன்று அவளுடைய தொலைபேசி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள்தான் எடுத்தாள். உடம்பில் தண்ணீர் வற்றி, வேலை செய்யும் இடத்தில் மயங்கி விழுந்து, ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றிக்கொண்டு கிடந்திருக்கிறாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க பயப்படுவீங்கண்டுதான் உம்மா" என்றாள். இப்போது தேறிவிட்டாள். நான் இன்னும் தேறவில்லை. தொலைபேசி மணி கேட்டால் போதும், கை வேலையை அப்படியே விட்டுவிட்டு ஓடுகிறேன். பதில் வராத அந்த இரண்டு நாளும் முன் அறையில் உட்கார்ந்திருந்தபோது, ஒன்பது வயதில் நான் பிடித்த முதல் முழு மாத நோன்பு திரும்பத் திரும்ப நினைவில் வந்தது. எழுதிவைத்தால் கொஞ்சம் இறங்கும் என்று நினைக்கிறேன்.

இலங்கை மலைநாட்டில், ராகலைக்கு மேலே, பஸ் திரும்பிக் கீழே போகும் இடத்தில் எங்கள் கடை இருந்தது. அரிசி, கோதுமை மா, கருவாடு, மண்ணெண்ணெய். கடைக்குப் பின்னால் ஒரே அறை, அதற்குப் பின்னால் தேயிலைத் தோட்டம். கடைத்தெரு என்று சொல்வதற்கு நான்கு கடைகள்தான். அதில் முஸ்லிம் வீடு எங்களுடையது மட்டும். பள்ளிவாசலுக்குப் போவதென்றால் நுவரெலியாவுக்குப் பஸ் ஏற வேண்டும். தொழுகைக்கு அழைக்கும் பாங்குச் சத்தம் எங்களுக்கு வானொலிக்குள்ளிருந்துதான் வரும். தோலுறை போட்ட சின்ன வானொலி அது. பெட்டரி இறங்கினால் மற்ற ஊர்க்காரர்கள் வெயிலில் வைப்பார்கள். எங்களுக்கு வெயிலுக்கு எங்கே போவது? வாப்பா அடுப்புக்கல்லின் ஓரத்தில் வைத்துச் சூடேற்றுவார். மண்ணெண்ணெயும் கருவாடும் ஈரச் சாக்கும் சுடுகிற பெட்டரியும் கலந்த ஒரு வாசம் இருந்தது. அந்த வாசம் இப்போது எங்கேயும் இல்லை.

அந்த வருடம் பெருமழையில் எங்கள் அறையின் பின்சுவர் சரிந்தது. மண்சரிவு பயமில்லாத இடத்தில் ஒரு சொந்த வீடு வேண்டும் என்று உம்மா சவுதிக்கு வீட்டு வேலைக்குப் போனார். அப்போது ரஜப் மாதம், நோன்புக்கு இரண்டு மாதம் இருந்தது. நான் ஒரே பிள்ளை. கடையில் வாப்பாவும் நானும் மிஞ்சினோம்.

போவதற்கு முந்திய வாரங்களில், தேங்காய் துருவிக்கொண்டே உம்மா எனக்கு நோன்பைப் பற்றிச் சொல்லித் தந்தார். எந்த நாளில் பிடிக்க வேண்டும், பெருநாளில் பிடித்தால் ஹராம், மனதில் உறுதி சொல்லும் நிய்யத்தை எப்படி வைப்பது, எல்லாம். ஒரு நாள் சொன்னார்:

"தொழுதா ஆக்கள் காணுவாங்க. ஸதக்கா குடுத்தா வாங்கினவனுக்குத் தெரியும். நோம்பு அப்பிடியில்ல, மகள். அது ஒனக்கும் ஒன்னப் படைச்ச றப்புக்கும் மட்டும் தெரிஞ்சது. நான் நோம்பு, நான் நோம்புண்டு சொல்லித் திரியப்படாது."

ஒன்பது வயதுப் பிள்ளையிடம் ஒன்றைச் சொல்லும்போது எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும் என்று பெரியவர்களுக்குத் தெரிவதில்லை. நான் அதைச் சட்டம்போல எடுத்துக்கொண்டேன்.

நோன்புக்கு முந்திய ஷஃபான் மாதத்தில் உம்மாவின் முதல் கடிதம் வந்தது. இரவுக்குக் கடையைப் பூட்டிய பிறகு வாப்பா வாசித்தார். பெரிய வீடு, ஏழு பிள்ளைகள், சாப்பாட்டுக்குக் குறைவில்லை என்று எழுதியிருந்தது. கடைசியில் எனக்கு நாலு வரி. "நோன்பு வந்துவிட்டால் உம்மா தனி இல்லை. நீயும் பசியோடு இருப்பாய், நானும் பசியோடு இருப்பேன். ரெண்டு பேரும் ஒண்டா இருக்கிற மாதிரித்தான்." அந்த வரியை வாசித்துவிட்டு வாப்பா எழுந்து, மண்ணெண்ணெய் பீப்பாயைப் போய்ப் பார்த்தார். அதில் பார்ப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

சில நாள் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை காலை. தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களுக்குப் புடவை மூட்டை கொண்டுபோய் விற்கும் வியாபாரி ஒருவர் முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார். எங்களைப் போல முஸ்லிம் ஆள்தான், கண்டிப் பக்கம். வந்தால் கடையில் பாலில்லாத ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டுத்தான் மலை ஏறுவார். வாப்பாவை அண்ணன் முறையில் நானா என்பார்.

"நானா, சவுதில இன்னைக்குத் தல நோம்பு. ராவு ரேடியோல சொன்னாங்களே, கேக்கல்லியா?"

"பெட்டரி செத்துப் போச்சு" என்றார் வாப்பா. "நமக்கு?"

"நமக்கு நாளைக்குத்தான். நேத்து ஒருத்தரும் காணல்லியாம். இந்தப் பனிக்குள்ள எங்க பொறைய காணுற? தோட்டத்துத் தொரட பங்களா லைட்டே தெரியல்ல."

நான் பலாமரப் பலகை வாங்கில் பள்ளிக்கூட உடுப்போடு உட்கார்ந்திருந்தேன். எனக்கு முன்னால் பாலூற்றிய தேத்தண்ணீர்.

"வாப்பா, உம்மாக்கு வேற பொறையா?"

"பொறை ஒண்டுதான் மகள். எந்த ஊர்ல ஈக்கிறமோ அந்த ஊர்ல கண்டாத்தான் நமக்குக் கணக்கு. நமக்கு இன்னைக்கு ஷஃபான் முப்பது. நீ குடி, பஸ் வரப்போகுது."

வியாபாரி சிரித்தார். "ஒங்கட உம்மா ஒரு நாள் முந்திட்டா போல."

முந்திவிட்டார் என்ற சொல் எனக்குப் பிடிக்கவில்லை. உம்மா அங்கே பசியோடு நடமாடுகிறார். நான் இங்கே பால்தேத்தண்ணீர் குடிக்கிறேன். ஒண்டா இருக்கிற மாதிரி என்று எழுதியிருந்தாரே. அவர்கள் இருவரும் மூட்டையைப் பிரித்துச் சேலை பார்க்கத் தொடங்கியபோது, கோப்பையைப் பின்பக்கம் எடுத்துப்போய்த் தேயிலைக்குள் ஊற்றினேன். உம்மா சொல்லித் தந்த நிய்யத்தை உதட்டுக்குள் சொன்னேன். ஷஃபான் முப்பதில் ரமழான் என்று நினைத்து நோன்பு பிடிக்கக் கூடாது என்பதை உம்மா சொல்லித் தரவில்லை. பல வருடங்களுக்குப் பிறகு படித்துத்தான் அறிந்தேன்.

பள்ளிக்கூடத்தில் பனிஸ் கொடுக்கும் நேரம் வந்தது. என்னுடையதைச் சிநேகிதியிடம் கொடுத்தேன். அவள் கொழுந்து பறிக்கும் வீட்டுப் பிள்ளை, எங்கள் கடைக்கு மேலே இருந்த லயத்தில் குடியிருந்தாள். "வயித்து வலியா?" என்று கேட்டாள், பதிலுக்குக் காத்திராமல் இரண்டையும் தின்றாள். வீட்டுக்கு வந்தால் வாப்பா ஜும்ஆத் தொழுகைக்கு நுவரெலியா போயிருந்தார். சோற்றுக் கோப்பையை மூடி வைத்திருந்தார். அதைப் பஸ் தரிப்பிடத்து நாய்க்கு வைத்தேன். சோற்றை வீணாக்குகிறோமே என்ற பயத்தில், கடைசிப் பருக்கையையும் அது நக்கி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றேன்.

பிற்பகல் நீண்டுகொண்டே போனது. மழை தூறியது. பசி வந்து, போய், மறுபடி வந்தது. கடைக்குள் சீனி டின் இருந்தது. மூடியைத் திறந்தேன். கடை பூட்டியிருந்தது, வெளியே பனி, ஒரு மனிதர் இல்லை. விரலை ஈரமாக்கித் தொட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? மூடியைப் பிடித்தபடி நெடுநேரம் நின்றேன். பிறகு மூடினேன். அப்போதுதான் அது நடந்தது: அந்த அறையில் நான் தனியாக இல்லை என்று பட்டது. பயம் வரவில்லை. குளிருக்கு யாரோ அடுப்புக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கித் தந்ததுபோல இருந்தது. ஹஸ்ரத்மார் ரமழான் பயான்களில் தக்வா, இறையச்சம் என்று சொல்வார்கள். அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் இன்றும் எனக்குத் தெரிவது அந்தச் சீனி டின்தான். ரமழான் எதற்காக வருகிறது என்று என்னிடம் யாராவது கேட்டால், அந்த ஒரு பிற்பகலைத் தவிர வேறு பதில் என்னிடம் இல்லை.

மாலையில் வாப்பா மறுநாள் விடியுமுன் சாப்பிடும் ஸஹருக்குப் பருப்பு வேகவைத்துக்கொண்டிருந்தார். சூடேற்றிய பெட்டரியில் வானொலி முனகியது. பொழுது பட்டு மஃரிபு பாங்கு வந்ததும் பின்பக்கம் போய், மலையிலிருந்து விழும் பீலித் தண்ணீரைக் கையில் ஏந்திக் குடித்தேன். பல் கூசியது. பிறகுதான் ஞாபகம் வந்தது, உம்மாவுக்கு இன்னும் பொழுது படவில்லை. அங்கே மஃரிபு ஆக நமக்கு இன்னும் இரண்டரை மணி நேரம் ஆகும் என்று வாப்பா ஒருமுறை சொல்லியிருந்தார். உம்மாவை விட்டுவிட்டுக் குடித்துவிட்டோமே என்று அழுகை வந்தது. மறுநாளிலிருந்து ஒரு வழி கண்டேன். நோன்பு திறக்கும்போது வாப்பா தரும் மூன்று பேரீச்சம்பழத்தில் ஒன்றை சுவெட்டர் பைக்குள் போட்டுக்கொள்வேன். இரவுத் தொழுகை இஷாவும் முடிந்து படுக்கப் போகும்போது, இப்போது உம்மாவும் திறப்பார் என்று நினைத்து அதைச் சாப்பிடுவேன். பையெல்லாம் பிசுபிசுத்து, எறும்பு வரத் தொடங்கியது.

வாப்பா நான் முழு நோன்பும் பிடிப்பேன் என்று எதிர்பார்க்கவில்லை. "ஒனக்கு ஏலாது மகள், அர நோம்பு போதும்" என்றார். பத்து நோன்பு ஆனதும் அதைச் சொல்வதை நிறுத்தினார். இருபது ஆனபோது கடைக்கு வருபவர்களிடமெல்லாம் சொன்னார். கஞ்சி காய்ச்சினால் ஒரு சட்டி சிநேகிதியின் லயத்துக்கு என் கையில் கொடுத்தனுப்புவார். அவருடைய கஞ்சி கரண்டி நட்டால் நிற்கும். "மொதலாளி என்னா, கஞ்சி காய்ச்சுறாங்களா, செவுரு பூசுறாங்களா?" என்று சிநேகிதியின் அம்மா சிரிப்பார். ஆனால் சட்டி ஒருநாளும் வெறுமையாகத் திரும்பியதில்லை. கீரையோ, இரண்டு முட்டையோ இருக்கும்.

இருபத்தொன்பதாம் நோன்பு, சனிக்கிழமை. மாலையில் வானொலியைச் சுற்றி நாங்கள் இருவரும் உட்கார்ந்தோம். இலங்கையில் எங்கும் பிறை தென்படவில்லை, நோன்பு முப்பதாகப் பூர்த்தி செய்யப்படும் என்றார்கள். அடுத்து, சவுதி அரேபியாவில் நாளை பெருநாள் என்றார்கள்.

"சரி, இன்னொண்டுதான்" என்றார் வாப்பா. "நாளையோட ஒனக்கும் முப்பது."

எனக்கு முப்பது அன்றோடு முடிந்துவிட்டது என்று சொல்ல வாய்வரை வந்தது. சொல்லவில்லை. சொல்லித் திரியப்படாது.

ஸஹருக்கு எழுப்பினார். சாப்பிட்டேன். அவர் நிய்யத் சொல்லித்தந்தபோது உதட்டை மட்டும் அசைத்தேன். விடிந்ததும் குளித்தேன். போன வருடத்துப் பெருநாள் கவுணை எடுத்துப் போட்டு, அது தெரியாமல் மேலே சுவெட்டரை மாட்டிக்கொண்டு லயத்துக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை, மலையில் வேலை இல்லை. சிநேகிதியின் அம்மா ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னைக்கு எங்க உம்மாவுக்குப் பெருநாள்" என்றேன். "சாப்பிடணும்."

"நாளைக்குத்தானே பெருநாளுன்னு ஒங்க வாப்பா சொன்னாங்க. ஒங்க வீட்டுல மட்டும் என்னா, ரெண்டா?"

"நமக்கும் ரெண்டு தீவாளி வைக்கலாம்மா" என்றாள் சிநேகிதி.

"ஒனக்கு ஒண்ணுக்கே எண்ணெ பத்தல." பிறகு அந்த அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். கவுணின் கரை சுவெட்டருக்குக் கீழே தெரிந்திருக்க வேண்டும். "அங்கிட்டு இருக்கற ஒங்க உம்மாவுக்கு இன்னைக்கு யாரு சோறு போடுறாங்களோ. நீ சாப்புடு, கண்ணு" என்று சுடச்சுட ஒரு ரொட்டியையும் மிளகாய் இடித்த கட்டைச் சம்பலையும் தட்டில் வைத்தார். ரொட்டியின் மேல் கொஞ்சம் சீனியும் தூவினார், பெருநாளைக்கு என்று.

இரண்டாவது ரொட்டியைப் பிய்க்கும்போது வாசலில் நிழல் விழுந்தது. புடவை வியாபாரி, தோளில் மூட்டையோடு.

"என்ன புள்ள இது? முப்பதாம் நோம்புல லயத்துல ஒளிச்சிக்கிட்டா திங்கிற?" அவர் என்னைவிட்டு அந்த அம்மாவைப் பார்த்துச் சொன்னார்: "தாயத் தூர அனுப்பினா வீடு இப்பிடித்தான்."

"புள்ளைக்கிப் பசிச்சிச்சு, நான்தான் குடுத்தேன்" என்றார் அந்த அம்மா. "ஒங்க சேல ஒண்ணும் இன்னைக்கு வேணாங்க. போய்ட்டு வாங்க."

நான் இறங்கி வந்தபோது, வியாபாரி சொல்லி வாப்பாவுக்குத் தெரிந்திருந்தது. பட்டப்பகலில் கடையின் கதவுப் பலகைகளில் பாதியைப் போட்டு மூடியிருந்தார்.

"சாப்புட்டியா?"

"ஓ" என்று தலையாட்டினேன்.

"ஏலாட்டி என்னட்டச் சொல்லீக்கலாமே. நான் ஏசுவனா? ஏன் மகள் ஒளிச்ச?"

நான் தரையைப் பார்த்தேன். சொல்வதென்றால் முதல் நாள் நோன்பைச் சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் அது போய்விடும். எனக்கும் றப்புக்கும் இடையில், உம்மாவின் தொடக்க நாளில் நான் பிடித்து வைத்திருந்த ஒன்று.

"முப்பதுண்டு ஊரெல்லாம் சொன்னனே" என்றார் வாப்பா. அடிக்கவில்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அன்று மாலை அவர் நீல நிற விமானக் கடிதத்தாளை எடுத்து எழுதினார். பசை காயட்டும் என்று மேசையில் வைத்துவிட்டுத் தொழப் போனபோது, மடிப்புக்குள் எட்டிப் பார்த்து வாசித்தேன். "இன்று ஞாயிற்றுக்கிழமை, கடைசி நோன்பில், மகள் லயத்தில் போய் ஒளித்துச் சாப்பிட்டிருக்கிறாள். கேட்டால் வாய் திறக்கிறாள் இல்லை. இருபத்தொன்பதோடு நின்றுவிட்டது. நீ இல்லாத வீடு இப்படி இருக்கிறது."

அந்தக் கடிதம் என்னைப் பற்றியது என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன். இந்த வயதில், பதில் வராத தொலைபேசியோடு இரண்டு நாள் உட்கார்ந்த பிறகு, அந்தக் கடைசி வரியை எழுதத்தான் வாப்பா முழுக் கடிதத்தையும் எழுதினாரோ என்று தோன்றுகிறது. திரும்பி வா என்று எழுத அவருக்குத் தெரியவில்லை. நான் செய்த குற்றம் கையில் கிடைத்தது.

எனக்கு அன்று தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். உம்மா அதை வாசிப்பார். நான் அவரோடு இருக்கவில்லை என்று நம்பிவிடுவார். ஒரு மாதமாக நான் பிடித்துவந்தது அந்த நீலத்தாளோடு இல்லாமல் போகும்.

மறுநாள் எங்களுக்குப் பெருநாள். தொழுகைக்கு நுவரெலியா போகும் பஸ்ஸில், வாப்பாவின் சட்டைப் பைக்குள் கடிதத்தின் முனை தெரிந்தது.

"வாப்பா, அத போடாதீங்க."

"பயமா ஈக்குதா?"

பயம்தான். ஆனால் அவர் நினைத்த பயம் இல்லை. "ஓ" என்றேன்.

"அப்ப செய்யாம இருந்தீக்கணும்."

தபால் பெட்டிக்குள் அது விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. பள்ளிவாசலில் எல்லாரும் கட்டித் தழுவிக்கொண்டார்கள். பெண்கள் பக்கத்தில் யாரோ ஒருவர் என் தலையைத் தடவி, "உம்மா எங்கே?" என்று கேட்டார்.

அதன் பிறகு காத்திருந்தோம். அன்றைய கடிதங்கள் போகவும் வரவும் எவ்வளவு நாள் எடுக்கும் என்று உங்களுக்குத் தெரியும். தபால்காரர் திருப்பத்தில் தெரியும்போதெல்லாம் நான் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் போய்விடுவேன். சிநேகிதியோடு விளையாடவும் போகவில்லை. ரொட்டி தந்ததற்காக அந்த அம்மாவிடம் வாப்பா ஏதும் சொல்லியிருப்பாரோ என்று வெட்கம். அவர் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை என்பது பிறகு தெரிந்தது.

பெருநாள் மாதமான ஷவ்வாலும் முடிந்து, அடுத்த மாதமும் பாதியானபோது பதில் வந்தது. நண்பகல், கடையில் யாரும் இல்லை. வாப்பா நின்றபடியே பிரித்தார். வழக்கம்போலச் சத்தமாக வாசிக்கவில்லை. ஒருமுறை வாசித்தார். பிறகு ஆரம்பத்திலிருந்து மறுபடி வாசித்தார். மா மூட்டையின் மேல் மெல்ல உட்கார்ந்தார்.

"மகள், இங்க வா."

போனேன்.

"நமக்குத் தல நோம்புக்கு மொத நாள். அந்த வெள்ளிக்கிழம. நான் ஜும்ஆக்குப் போயிருந்தன். சோறு வெச்சிட்டுப் போனன். நீ சாப்புட்டியா?"

நான் மா மூட்டையின் தையலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"காலைல தேத்தண்ணி?"

பேசவில்லை. கண்ணை மட்டும் என்னால் அடக்க முடியவில்லை. வாப்பா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "சொல்ல வேணாம், மகள்" என்றார். "சொல்ல வேணாம்." அவருடைய குரல் அப்படி உடைந்து நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. கடிதத்தை என் கையில் தந்துவிட்டு முகத்தைத் துடைத்தார்.

உம்மாவின் எழுத்து சாய்ந்து சாய்ந்து போகும். வரி வரியாக விரல் வைத்து வாசித்தேன்.

"மகள் சாப்பிட்டதாக நீங்கள் எழுதிய ஞாயிற்றுக்கிழமை இங்கே பெருநாள். பெருநாளில் நோன்பு பிடிக்கப்படாது என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது நான். அவள் என்னுடைய பிறையைத்தான் எண்ணியிருக்கிறாள். எனக்கு இங்கே நோன்பு தொடங்கிய வெள்ளிக்கிழமை அவள் பகலில் என்ன சாப்பிட்டாள் என்று கேட்டுப் பாருங்கள். சொல்லமாட்டாள். சொல்லாவிட்டால் விட்டுவிடுங்கள், ஏச வேண்டாம்.

அந்தப் பெருநாளன்று இங்கே வீடு நிறைய விருந்தாளிகள். எல்லாரும் சாப்பிட்டுப் போன பிறகு குசினியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். தனியாகத்தான் சாப்பிடுகிறேன் என்று நினைத்துவிட்டேன்."